உங்களுக்கு முன் நான்கு பேர்

உங்களுக்கு முன் நான்கு பேர் காத்திருக்கிறார்கள் என்று திரை சொன்னது. பத்து முப்பதிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது, இப்போது மணி பத்து நாற்பத்திரண்டு, பன்னிரண்டு நிமிஷமாக அந்த நான்கு பேர் நான்கு பேராகவே இருந்தார்கள். எந்த ஊர்க்காரர்கள், என்ன நோவு, ஆளுக்கு எத்தனை நிமிஷம், ஒரு விவரமும் கிடையாது. காந்திமதிநாதனுக்கு இந்த மாதிரி நிர்வாகம் அடியோடு பிடிக்காது. முப்பத்தொரு வருஷம் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறையில் உட்கார்ந்தவர். பாபநாசம் வண்டி எப்போது வரும் என்று யாராவது ஜன்னலில் தலையை நீட்டினால், வரும் வரும் என்று ஒருநாளும் சொன்னதில்லை, கல்லூர் தாண்டியிருக்கும், எட்டு நிமிஷம், போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்பார், எட்டாவது நிமிஷம் வண்டி உள்ளே நுழையும். வீடியோவில் வரவேண்டிய இந்த டாக்டர் அம்மாளுக்கும் ஒரு டைம் கீப்பர் வேண்டும் என்று நினைத்தார். பூனாவிலிருந்து மகள் சங்கரி வாங்கி அனுப்பிய டேப்லெட், சாப்பாட்டு மேசை மேல் வாட்டர் பாட்டிலில் சாய்ந்து நின்றது. அதில் மேலே இவர்கள் இருவரும் சின்னதாகத் தெரிந்தார்கள், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி, இவர் முகத்தில் பாதி வெட்டுப்பட்டு. மனைவி பிரமு முழுசாக இருந்தாள். நீலக்கரை போட்ட வாயில் சேலை, நெற்றியில் திருநீறு, மடியில் கைப்பை. கைப்பை எதற்கு என்று காலையில் கேட்டுப் பார்த்தார், விடவில்லை. அவள் அழகாகத்தான் இருந்தாள், எழுபத்திரண்டு வயதிலும் பளிச்சென்று, பார்க்கிற யாருக்கும் ஒன்றும் தோன்றாது, அதுதான் கொடுமை.

"யாருங்க வாராங்க?" என்றாள் பிரமு.

"டாக்டரம்மா வருவாங்க. இந்தப் பெட்டியில."

"யாருக்கு உடம்புக்கு?"

"ஒருத்தருக்கும் இல்ல. சும்மா பேசுவாங்க. நாம ராத்திரி படிச்சோம்லா, அதையெல்லாம் கேப்பாங்க."

"இன்ஸ்பெக்ஷனா?" என்று கேட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டார். உண்மையில் அதுவேதான். நான்கு மாதத்துக்கு முன்னால் இதே டாக்டர் இதே பெட்டியில் வந்து முப்பது மார்க்குக்குப் பரீட்சை வைத்தார். கிழமை என்ன, மாதம் என்ன, எந்த ஊரில் இருக்கிறீர்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள், நான் சொல்லும் மூன்று வார்த்தையைக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள். இருபத்தொன்று வந்தது. அதுவும் இவர் பக்கத்திலிருந்து முணுமுணுத்து வாங்கிக்கொடுத்தது. அப்புறம் சங்கரி போனில் அழுதாள், அழுது முடித்து, முடிவெடுத்தவள் குரலில் பேசினாள். கோயம்புத்தூர் பக்கம் ஒரு இடம் பார்த்திருக்கிறேன்ப்பா, முதியவர்களுக்கு, ஆஸ்பத்திரி உள்ளேயே இருக்கிறது, தோட்டம், கோயில், வேளாவேளைக்குச் சாப்பாடு. அடுத்த தடவை பதினெட்டுக்குக் கீழே போனால் இனிமேல் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாதென்று டாக்டரே சொல்லிவிட்டார்கள். சரி அம்மா, போகிறோம் என்றுதான் இவரும் சொன்னார், ஜங்ஷன் என்ன, கோயம்புத்தூர் என்ன, போகிற இடத்தில் ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் இருந்தால் போதாதா. அப்புறம் அவள் வீடியோ அனுப்பினாள். மறதிக்காரர்களுக்குத் தனிக் கட்டடம். பச்சை பெயின்ட் அடித்த கேட், கேட்டில் பூட்டு. மற்றவர்களுக்கு எதிரே வேறு கட்டடம். நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை போய்ப் பார்க்கலாம்ப்பா, தினமும் பார்க்கலாம். நாலிலிருந்து ஆறு. நாற்பத்தாறு வருஷம் சேர்ந்து இருந்தவளை நாலிலிருந்து ஆறு. மீதி இருபத்திரண்டு மணி நேரம் அவள் யாரிடம் போய் யாருங்க வாராங்க என்று கேட்பாள்? வேறு யாராவது அதற்குப் பதில் சொல்வார்கள்தான், சம்பளத்துக்கு நல்ல பெண்களாக வைத்திருப்பார்கள், கோபப்படாமல் சொல்வார்கள், இவரைவிடப் பொறுமையாகக்கூடச் சொல்வார்கள். மகள் மேல் கோபம் என்று சொல்ல முடியாது. அவளும் என்ன செய்வாள், ஒற்றைப் பிள்ளை, இரண்டு குழந்தைகள், பகல் முழுக்க ஆபீஸ், அதற்கு நடுவில் அம்மாவின் நாடித்துடிப்பைப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் இந்தத் தடவை காந்திமதிநாதன் தயாராக இருந்தார். போன தடவை அவர் முணுமுணுத்ததை டாக்டர் கண்டுபிடித்து, சார், நீங்க சொல்லாதீங்க, அம்மா சொல்லட்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். குரல்தானே கேட்கும்? எழுத்து கேட்காதே. ஸ்டேஷனரிக் கடையில் வெள்ளை அட்டை நான்கு, கறுப்பு ஸ்கெட்ச் பேனா ஒன்று வாங்கி வந்தார். பேருந்து நிலையத்தில் போர்டு எழுதிய கை, எழுத்து நின்று பேசும். கண்புரை ஆபரேஷன் ஆனவளுக்கும் தெரிகிற மாதிரி, இன்று வியாழக்கிழமை, ஆகஸ்ட் மாதம், நாம் இருப்பது திருநெல்வேலி, மீனாட்சிபுரம், முதல் மாடி. அடுத்த அட்டையில் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. மூன்றாவது காலி, டாக்டர் சொல்லும் மூன்று வார்த்தைக்கு. நான்காவது கைவசம். டேப்புக்குப் பின்னால், பாட்டிலுக்கு மேலே பிடித்தால் காமிராவுக்குத் தெரியாது, பிரமுவுக்குத் தெரியும். நேற்று மூன்று தடவை ஒத்திகை பார்த்தார்கள். ஒரு குறைதான், அவள் அட்டையைப் பார்த்துவிட்டு இவர் முகத்தைப் பார்க்கிறாள், சரியா என்று கேட்கிற மாதிரி. அதற்கும் வழி செய்து, முதல் அட்டையின் அடியில் கொஞ்சம் சின்னதாக எழுதிச் சேர்த்தார். பெரிய சாமர்த்தியம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். எழுபத்தேழு வயதில் பிட் அடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அதுவும் வாத்தியாரம்மாளுக்கு. எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு. ஏழு ஏழாகக் குறைப்பதில் என்ன இருக்கிறது? இவருக்கு ஏழு என்றால் ஏழு பத்துதான். காலை ஏழு பத்து, அம்பாசமுத்திரம். பேட்டை, சுத்தமல்லி விலக்கு, சேரன்மகாதேவி, வீரவநல்லூர்.

திரையில் நான்கு மூன்றானது. இவர் கவனிக்கவில்லை, ஏழு பத்தில் ஏறிவிட்டார். அந்த வண்டி நாலாவது நடைமேடையில் நிற்கும், என்ஜின் உறுமிக்கொண்டு, டீசல் புகையும் பூக்கடை வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏற, கண்டக்டர் சுடலைமுத்து ஃபுட்போர்டில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இவர் ஜன்னலைப் பார்ப்பான். விசில் அடிக்கலாமா என்று கேட்கிற பார்வை. இவர் குனிந்து ரெஜிஸ்டரில் எதையோ எழுதுகிற மாதிரி இருப்பார். எழுத ஒன்றும் இருக்காது. வீரவநல்லூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு டீச்சர் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான் விஷயம். குறுக்குத்துறைப் பக்கமிருந்து அவள் வரவேண்டும், ஓடி வரமாட்டாள், ஓடினால் மரியாதை போய்விடும் என்று நினைப்பு, ஆனால் நடை ஓட்டத்தில்தான் சேர்த்தி. ஒரு கையில் குடை, ஒரு கையில் டிபன் பாத்திரமும் நோட்டுக்கட்டும். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் இவர் தலையாட்டுவார். ஏழு பன்னிரண்டு, சில நாள் ஏழு பதின்மூன்று. ரெஜிஸ்டரில் ஏழு பத்து என்றே எழுதுவார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் எழுதிய பொய்க்கணக்கு அது ஒன்றுதான், இரண்டு வருஷம் தினமும் எழுதினார். சார், இன்னைக்கு டீச்சர் லீவாம், எடுத்துருவோமா என்று ஒருநாள் சுடலைமுத்து ஸ்டாண்டே கேட்கும்படி கத்தினான், படுபாவி, அன்றைக்கு முழுக்கக் காப்பி குடிக்க வெளியே தலைகாட்ட முடியவில்லை. அடுத்த மாதமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனார். தாம்பாளத்தோடு வந்து நின்றவள் நிமிர்ந்து பார்த்து, இவரு டைம் கீப்பர்லா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அதுவரை அவள் பார்த்ததே இல்லை என்று நினைத்திருந்தார். கல்யாணம் ஆனபிறகு ஏழு பத்து சரியாக ஏழு பத்துக்கு எடுத்தது. வீட்டிலிருந்தே சேர்ந்து புறப்பட்டு வந்தார்கள், சைக்கிள் கேரியரில் அவள், ஹாண்டில்பாரில் இரண்டு டிபன் பாத்திரம், பாலத்தில் ஏறும்போது அவள் இறங்கிக்கொள்வாள், அந்த நாலு நிமிஷம் பேசிக்கொண்டே நடப்பார்கள். என்ன பேசினார்கள்? ஒன்றுகூட ஞாபகம் இல்லை. வண்டி நேரமெல்லாம் அப்படியே இருக்கிறது, பேசியது ஒன்றும் இல்லை. இவருக்கே இல்லாதபோது அவளிடம் மட்டும் எதற்குக் கிழமையைக் கேட்கிறார்கள்?

"யாருங்க வாராங்க?"

"டாக்டரம்மா."

"யாருக்கு உடம்புக்கு?"

"ஒருத்தருக்கும் இல்லம்மா."

இப்போது இரண்டு பேர். நாற்காலிக் கைப்பிடியில் இருந்த அவள் மணிக்கட்டில் கறுப்புப் பட்டை பச்சை வெளிச்சம் விட்டது. அதுவும் சங்கரி அனுப்பியதுதான். எத்தனை அடி நடந்தாள், எத்தனை மணி நேரம் தூங்கினாள், நெஞ்சு எப்படி அடித்தது எல்லாம் பூனாவுக்குப் போய்விடும். தினமும் மூவாயிரம் அடி நடக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னார். பிரமு ஆயிரத்தில் உட்கார்ந்துவிடுவாள். போன மாதம் முழுக்க இவர் அதைத் தன் கையில் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் நடந்தார். அம்மாவின் நடையில் நல்ல முன்னேற்றம், இதயத்துடிப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று அறிக்கை வந்தது. நல்ல பட்டை, ஆள் மாறியது தெரியாது, ஆனால் தெருவைத் தாண்டினால் மட்டும் தெரிந்துவிடும். ஜூன் மாதம் ஒருநாள் இவர் குளித்துக்கொண்டிருந்தபோது போன் விடாமல் அடித்தது. ஈரத்தோடு வந்து எடுத்தார். அப்பா, அம்மா எங்கே? அடுக்களையில் இருக்கிறாள் என்றார். இல்லப்பா, அம்மா பஸ் ஸ்டாண்டில் இருக்கிறாள், எனக்கு இங்கே தெரிகிறது. ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவளுக்குத் தெரிகிறது, நாலு அடி தள்ளி ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தவருக்குத் தெரியவில்லை. வேட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். ஸ்டாண்டை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், பழைய நடைமேடை, பழைய ஜன்னல், அந்த அறை, ஒன்றும் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் கைப்பையும் குடையுமாக அவள் நின்றாள், நாலாவது நடைமேடை இருந்த அதே இடத்தில், அடி பிசகாமல். இவரைப் பார்த்ததும், ஏழு பத்து போயிட்டா என்று கேட்டாள். இல்லை, இன்னும் வரவில்லை என்றார். வேறு என்ன சொல்வது? அப்புறம் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து பத்து நிமிஷம் வராத வண்டிக்குக் காத்திருந்தார்கள், வெயில் ஏறியது, இன்னைக்கு லீவு போட்டுருதேன் என்று அவளே எழுந்தாள். சங்கரிக்கு அது காணாமல்போன அம்மா. இவருக்கு என்னவோ அந்தப் பத்து நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, சொன்னால் கிழவனுக்கும் பிசகிவிட்டது என்பார்கள். பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் பிடித்தது. பச்சை கேட். நாலிலிருந்து ஆறு. ஐந்து ஐம்பதுக்கு யாராவது வந்து, சார் டைம் ஆச்சு என்பான். டைம் ஆச்சு என்று ஆயுள் முழுக்க ஊருக்குச் சொன்னவனிடம் ஒரு பயல் வந்து சொல்வான், எழுந்து போகவேண்டும், அவள் கேட்டுக்குள்ளே நின்று, எங்க போறீங்க என்று கேட்பாள். எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்தொன்பதிலிருந்து ஏழு போனால்? ஒரு கணம் இவருக்கே வரவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

பாட்டு ஒன்று ஒலித்தது, திரையில் வெள்ளைக்கோட்டும் கண்ணாடியுமாக டாக்டர் அருந்ததி வந்தார். முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். "வணக்கம் சார், வணக்கம்மா, லேட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. சங்கரி மேடமும் லைன்ல சேர்ந்துட்டாங்க, கடைசியில பேசுவாங்க. அம்மா, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேம்மா. நீ எந்த ஸ்கூல்?" என்றாள் பிரமு.

டாக்டர் சிரித்தார். "நான் சொல்றேன். முதல்ல நீங்க சொல்லுங்க, இன்னைக்கு என்ன கிழமை?"

காந்திமதிநாதன் முதல் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். பிரமு பார்த்தாள். பார்த்ததும் அவள் முதுகு நிமிர்ந்தது. வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்து தெரிந்தால் என்ன செய்யவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், முப்பத்துநாலு வருஷம் செய்த வேலை. ஆள்காட்டி விரலை நீட்டி, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக் காட்டுகிற மாதிரி, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும் குரலில் வாசித்தாள்.

"இன்று வியாழக்கிழமை. ஆகஸ்ட் மாதம். நாம் இருப்பது திருநெல்வேலி, மீனாட்சிபுரம், முதல் மாடி. என்னைப் பார்க்காதே. டாக்டரைப் பார்த்துச் சொல்." பிறகு திரைக்குத் திரும்பி, "எங்க, எல்லாரும் சொல்லுங்க பாப்போம். இன்று வியாழக்கிழமை."

"இன்று வியாழக்கிழமை" என்றார் டாக்டர். சொல்லிவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சார்" என்றார், ரொம்ப மெதுவாக, "அந்த அட்டையைக் கீழ வச்சிருங்க சார்."

வைத்தார். அட்டை மடியில் விழுந்தது, எழுத்து மேல்பக்கமாக. சர்வீஸில் ஒரு மெமோ வாங்காத மனுஷன், காது மடல் எரிந்தது, திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்கிற மாதிரிதான் கேட்டது. நூறிலிருந்து ஏழு போனால்? பிரமு யோசித்து, நீயே சொல்லு என்றாள். மாம்பழம், நாற்காலி, சாவி என்ற மூன்றில் மாம்பழம் மட்டும் திரும்பி வந்தது. இது என்ன மாதம்மா? ஆனித்திருவிழா வரப்போகுதுல்லா, தேர் வடம் பிடிக்கணும். ஒவ்வொரு பதிலுக்கும் டாக்டர் குனிந்து ஏதோ எழுதினார். இவர் கை மடியில் கிடந்த காலி அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது, எடுக்கவில்லை.

"கடைசியா ஒண்ணும்மா. ஒரு பேப்பர்ல உங்க மனசுல தோணுற ஒரு வரி எழுதுங்க. எது வேணும்னாலும்."

பிரமு கைப்பையைத் திறந்தாள். உள்ளே பேனா இருந்தது. மேசை மேல் கிடந்த பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், கோணாமல், புள்ளி எழுத்தெல்லாம் புள்ளியோடு, நிதானமாக எழுதினாள். எழுதி முடித்து, திருத்தக் கொடுக்கிற பிள்ளை மாதிரி திரைக்கு நேரே தூக்கிக் காட்டினாள். டாக்டர் வாசித்தார்.

"இவர் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை."

காந்திமதிநாதன் நினைத்துப் பார்த்தார். இட்லி அவித்தார், அவளுக்கு ஊட்டினார், மாத்திரை கொடுத்தார், தலை வாரிவிட்டார், அட்டையை எடுத்து வைத்தார், டேப்பைச் சார்ஜ் போட்டார். உண்மைதான், சாப்பிடவில்லை. அவருக்கே தெரியாது. கண் நிறைந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை, சத்தமில்லாமல் அழுதார். திரையின் மூலையில் ஒரு கட்டம் திறந்து சங்கரி வந்தாள், அவளும் அழுதிருந்தாள்.

"மார்க்கு எவ்வளவு டாக்டர்?" என்றார் இவர்.

"பதினாலு சார்." டாக்டர் மறைக்கவில்லை. "நீங்க அவங்களை ரொம்ப நல்லா பாத்துக்கறீங்க. ஆனா இனிமே தனியா உங்களால முடியாது. உங்களையும் யாராவது பாக்கணும் இல்லையா?"

"அப்பா" என்றாள் சங்கரி, "அங்க நல்லா பாத்துப்பாங்கப்பா. நீங்க எதிர் பில்டிங்லதான் இருக்கப்போறீங்க. தெனமும் போய்ப் பாக்கலாம்."

"அந்தப் பில்டிங்ல இவகூட இருக்கணும்னா என்ன செய்யணும்?"

"அது மெமரி பேஷன்ட்ஸ்க்கு மட்டும்தாம்ப்பா. ரூல் அப்படி. நான் கேட்டுப் பாத்துட்டேன்."

ரூல் என்றால் ரூல்தான். அது அவருக்குத் தெரியும், யாருக்காகவும் வளையக்கூடாது என்று எத்தனை பேரிடம் எரிந்து விழுந்திருக்கிறார். வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாற்காலியை இழுத்து, பாதி வெட்டுப்பட்டிருந்த முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி டேப்புக்கு நேரே உட்கார்ந்தார்.

"டாக்டர், எங்கிட்டயும் கேளுங்க."

"என்ன சார் கேக்கணும்?"

"அதே பரீட்சைதான். முப்பது மார்க்குக்கு. எனக்கும் வைங்க, மார்க்கைப் போட்டு என் பேருல எழுதிக் குடுங்க."

டாக்டர் அருந்ததி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் காலண்டர் கண்ணெதிரே தொங்கியது, கடிகாரம் பதினொன்று இருபத்தாறு காட்டியது, இது இரண்டு நிமிஷம் பிந்திப்போகிற கடிகாரம் என்பதும் அவருக்குத் தெரியும். டாக்டர் பேனாவை எடுத்தார்.

"இன்னைக்கு என்ன கிழமை சார்?"

"தெரியாது டாக்டர்."

மேசைக்கு அடியில் அவர் கையை ஒரு கை வந்து பிடித்தது. பிரமு அவர் மடியில் கிடந்த அட்டையைப் பார்த்துவிட்டு, டாக்டருக்குக் கேட்காத மாதிரி அவர் காதுப் பக்கம் குனிந்தாள். "வியாழக்கிழமைன்னு சொல்லுங்க" என்றாள் ரகசியமாக, "மார்க்கு போயிரும்லா."

அவர் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியாது டாக்டர்" என்றார். "அடுத்த கேள்வியைக் கேளுங்க."